ஆறடிக்கு இரண்டே முக்கால்

முலுண்டில் எங்கள் ஹால் பத்துக்குப் பதினொன்று.
டிரெட்மில் ஆறடிக்கு இரண்டே முக்கால்
என்று போட்டிருந்தான்.
வாங்கும் முன் ஒரு வாரம்
அதோடு இருந்து பார்ப்போம் என்று
பழைய மராட்டிப் பேப்பர்களை விரித்து
செல்லோ டேப் ஒட்டினேன்,
நான் படுத்து கிரிக்கெட் பார்க்கும் சோபாவுக்கும்
டிவிக்கும் நடுவில்.

முதல் நாள் எல்லோரும் மிதித்தோம்.
மறுநாள் இசக்கி ஒரு சட்டம் போட்டான்:
மிஷினில் கால் வைத்தால் நடந்தாக வேண்டும்,
முடியாதவர்கள் சுற்றிப் போகலாம்.
சுற்றிப் போனோம்.
சாப்பாட்டுத் தட்டோடு, ஈரத்துணி வாளியோடு,
வயிற்றை எக்கிக்கொண்டு.
சிலிண்டர் கொண்டுவந்தவர்கூட
ஏனென்று கேட்காமல் சுற்றித்தான் போனார்.

"மோட்டார் ரெண்டரை ஹெச்பி பாத்து வாங்கு,
உன் உடம்புக்கு மூணு"
என்றான் ஆபீசில் அய்யாக்கண்ணு.
லிஃப்டில் கீழ்வீட்டு பிரதான்,
சத்தம் வருமா என்று கேட்டார்.
இப்போதைக்குப் பேப்பர்தான் என்றேன்.
அப்படியும்
ராத்திரி பத்துக்கு மேல் வேண்டாம் என்றார்.

சைக்கிளாக மடித்துப் பார்த்தேன், நாலுக்கு ஒன்றரை.
துடுப்பு மிஷின் அடுப்படிக்குள் போய் முட்டியது.
டம்பெல்ஸ் போதுமே என்றாள் செண்பகம்,
கட்டிலுக்கடியில் கிடக்கும்.
கட்டிலுக்கடியில் போனதெல்லாம் என்ன ஆயிற்று என்று
இரண்டு பேருக்குமே தெரியும்.
மறுபடி டிரெட்மில்லாக விரித்தேன்.
சர்க்கரை ஏழு புள்ளி ஒன்பது எனக்குத்தானே,
டாக்டர் சீட்டும் என் பேரில்.

ஐந்தாம் ராத்திரி
கடைசி லோக்கல் போன பிறகு
ஹாலில் ஒரு சரசரப்பு.
எலி என்று செருப்போடு போனேன்.

செண்பகம்.
கொலுசைக் கழற்றி சோபாவில் வைத்துவிட்டு
ஒரு கையால் நைட்டியைத் தூக்கிப் பிடித்து
மறு கையை வீசி
நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தாள்
ஜன்னலைப் பார்த்து.
ரயில் பிடிக்கிற வேகம் இல்லை.
பால் பொங்குவதற்குள் ஓடுகிற வேகம் இல்லை.
பத்தொன்பது வருஷத்தில்
நான் பார்த்திராத ஒரு நடை.
எங்கே போகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்டால் நின்றுவிடுவாள்.
கதவுக்குப் பின்னால் செருப்பும் கையுமாக நின்று
எண்ணினேன், நானூறு வரைக்கும்.
அவள் நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை.
எனக்குத்தான் கால் வலித்தது.

காலையில் காபியோடு வந்தவளின் குதிகாலில்
அச்சு மை,
கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய
ஏதோ ஒரு மராட்டி எழுத்து.
"என்ன முடிவு பண்ணீங்க?"
"நீ சொல்லு" என்றேன்.

அளவு டேப்பை முதல்முறையாக அவள் கையில் எடுத்தாள்.
பேப்பர் பக்கம் போகவே இல்லை.
"கொஞ்சம் எந்திரிங்க" என்று என்னை எழுப்பிவிட்டு
சோபாவை அளந்தாள்.
ஏழடிக்கு மூன்று.