பன்னிரண்டு இடம்

கொடுப்பனவுச் சேவையாளர் சங்கம்,
கிழக்குக் கிளை, திரைச்சொல் உபகுழு.
பெயர் நீளம். ஆட்கள் ஐந்து.
சம்பளம் இல்லை. தேத்தண்ணிக் காசு முறைக்கு ஒருவர்.

கல்முனைப் பிரதான வீதி,
டயர்க் கடைக்கு மேல்மாடி.
புதன்கிழமை இஷா முடிந்ததிலிருந்து
களுவாஞ்சிகுடிக்குக் கடைசி பஸ் வரும் வரைக்கும் கூட்டம்.
அந்த பஸ் எனக்குத்தான்.
கூட்டக் குறிப்பு எழுதுகிறவளும் நான்தான்.

முதல் புதன்
இஸ்ஸதீன் ஒரு குடையை மேசையில் வைத்தார்.
நீலம். ஒரு கம்பி வளைந்தது.
அவருடைய பாமசியில் ஒருத்தி
பிள்ளையின் இழுப்புக்கு மருந்து வாங்கி
அட்டையை நீட்டியிருக்கிறாள்.
லைன் விழுந்தது, வேறொன்றுமில்லை.
மெஷின் சொன்னது: நிராகரிப்பு.
பின்னால் ஏழு பேர் நின்றார்கள்.
அவள் வாசித்தாள்,
மருந்துப் பையைத் திரும்பத் தள்ளி வைத்தாள்,
மழைக்குள் இறங்கிவிட்டாள்.
"கூப்பிட்டன் கா. திரும்பல்ல."

எங்கட சனத்துக்கு
நிராகரிப்பு எண்டா விசா,
வீட்டுத்திட்டம்,
நட்டஈட்டுக்குப் போட்ட மூன்றாவது மனு.
வாசித்த கையோடு எழும்பிப் போய்ப் பழக்கம்.
இதை நான் குறிப்பில் எழுதவில்லை.
"சொல் பொருத்தமற்றது" என்று எழுதினேன்.

மாற்றலாம் என்றது கொழும்பு.
ஆனால் பழைய மெஷின்,
பன்னிரண்டு இடம்தான் இருக்கிறது.
கோபாலரெத்தினம் மெஷின் திருத்துகிறவர், விளங்கப்படுத்தினார்:
"ல் எங்களுக்கு ஒண்டு, அதுக்கு ரெண்டு.
புள்ளிக்குத் தனிக் கதிரை போடோணும்.
வெறும் இடைவெளிக்கும் ஒரு கதிரை."
அம்பாறையிலிருந்து வருகிற நிஹால்சிறி சிரித்தார்:
"எங்கட எழுத்துக்கும் அதே சிக்கல்தான்."

தோல்வி. ஆறு இடம்.
"சோதினைப் பெறுபேறா?" என்றாள் ஜெஸீமா.
பிறகு முயல்க. சரியாகப் பன்னிரண்டு.
"பிறகு எண்டுறது
கடன் கேட்டு வாறவனுக்குச் சொல்றது" என்றார் இஸ்ஸதீன்.
காசு போகவில்லை.
எல்லாருக்கும் பிடித்தது. இரண்டு கூட.

அந்த இரண்டோடு மூன்று புதன் கழிந்தது.

நாலாவது புதன் கோபாலரெத்தினம்
படியில் நின்று யாருக்கோ போனில்,
"இல்ல, இன்னும் காசு போகல்ல,
நாளைக்கு அனுப்பிருவன்."
ஜெஸீமா விரல் மடக்கத் தொடங்கினாள்.
பதினொன்று.
நிராகரிப்பும் பதினொன்றுதான்.
அதே கதிரைகளில் அப்படியே உட்காரும்.

இது எழுத்துத் தமிழா என்று கேட்டது நான்தான்.
"மெஷின் கதைக்குதுதானே," என்றார் நிஹால்சிறி,
"கடிதம் எழுதல்லையே."
பஸ்ஸைத் தவறவிட்டு அன்று தீர்மானம் எழுதினேன்.

இரண்டு மாதம்.
ஒரு காலை கோபாலரெத்தினத்தின் படம் வந்தது,
பாண்டிருப்புப் பலசரக்குக் கடை, சின்னப் பச்சைத் திரை.
கொழும்பில் யாரோ ஒரு நல்ல மனிதர்
எங்கள் எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறார்:
காசு போகலாம்.

பன்னிரண்டு. ஓர் இடமும் வீணில்லை.

ஜெஸீமா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்,
பிறகு நிறுத்தினாள்.
பொத்துவிலில் இருந்து வாகரை வரைக்கும்
எத்தனை மெஷின் என்று யாரும் சொல்லவில்லை.

கொழும்பு பதில் போடும் வரைக்கும் ஒட்டுங்கள் என்று
மருதமுனை அச்சகத்தில் கடனுக்கு ஸ்டிக்கர் அடித்தோம்.
கடதாசியில் இடத்துக்குப் பஞ்சமில்லை,
எவ்வளவும் எழுதியிருக்கலாம்.
அந்த இரண்டு சொல்லையே எழுதினோம்.
கோபாலரெத்தினம் சொந்தப் பெற்றோலில் தெற்கே போனார்.
நிஹால்சிறி அம்பாறைக் கடைகளுக்கு
சிங்களத்திலும் ஒன்று கேட்டு வாங்கிப் போனார்.

இன்றைய குறிப்பு, கடைசி விடயம், மற்றவை:
குடை இன்னும் மேசையில் இருக்கிறது.
உரியவர் வரவில்லை.
அடுத்த புதனுக்கு ஒத்திவைக்கப்பட்டது.