செவ்வாய்க்கிழமைக்காரர்

ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் எண்களை
எளிய தமிழில் சொல்லும் தளம் என்னுடையது.
முருகேஷ்பாளையாவில் மூன்றாம் மாடி.
கீழே பஞ்சர் கடை, மேலே விமானம்.
சர்வர் வாடகையும் வீட்டு வாடகையும்
ஒரே தேதியில் வரும்.

'ஏற்கிறேன்' பொத்தானுக்குப் பச்சை நிறம்,
தடித்த எழுத்து.
'வேண்டாம்' என்பதைச் சாம்பலில் வைத்தேன்,
மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி போல.
பொய் ஒன்றும் சொல்லவில்லை.
எழுத்தின் அளவைத்தான் குறைத்தேன்.

விளம்பர நிறுவனத்துப் போபண்ணா
இந்திராநகர் காபிக் கடையில் கணக்குச் சொன்னார்:
"சர்க்கரை என்றால் கிளிக்குக்கு இரண்டு ரூபாய்,
தைராய்டு ஒன்றே கால்,
சிறுநீரகம் நாற்பது.
யார் பெயரும் நமக்குத் தேவையில்லை மேடம்."
தேவையில்லைதான்.

செவ்வாய்தோறும் காலை ஐந்தேமுக்காலுக்கு
கே.ஆர்.புரம் பக்கமிருந்து ஒருவர் வருவார்.
பழைய போன்.
ஒரே எண்ணை இரண்டு மூன்று முறை
அடித்து, அழித்து, அடிப்பார்.
கிரியேட்டினின் 4.1.
அடுத்த வாரம் 4.6.
அதற்கடுத்து 4.5;
அன்றைக்கு எனக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

அவர் போன இடமெல்லாம்
டயாலிசிஸ் விளம்பரம் கூடவே போனது.
ராசிபலன் பார்த்தால் அங்கே ஓர் ஆஸ்பத்திரி,
ரயில் நேரம் பார்த்தால் அங்கேயும்.
5.2 ஆன வாரம்
நாற்பது ரூபாய் ஐம்பத்தெட்டு ஆயிற்று.
அந்த மாதம் வாடகை போக
மிக்சி வாங்கினேன்.
நன்றாகத்தான் அரைக்கிறது.

ஒரு ஞாயிறு இரவு, கரண்ட் போய் வந்த பிறகு,
பதினேழு வரிகளை அழித்தேன்.
தியாகமெல்லாம் இல்லை.
ஒரு பொத்தான்,
அப்புறம் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் இன்னொன்று.
அங்கே 'ஆம்', 'இல்லை' இரண்டும்
ஒரே அளவில் இருந்தன.

வருமானக் கோடு
சில்க் போர்டை நோக்கி இறங்கும் வண்டி மாதிரி
இறங்கி
அங்கேயே நின்றுவிட்டது.
இப்போது அவென்யூ ரோட்டுக் குடைக்கடை ஒன்று
மாதம் ஆறாயிரம் தருகிறது.
யார் வந்தாலும், எந்த எண்ணோடு வந்தாலும்
தெரிவது அதே கறுப்புக் குடை.
மீதி இருபத்தைந்தாயிரத்துக்கு
ராத்திரியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு
வெப்சைட் செய்கிறேன்.

இன்று செவ்வாய். ஐந்தேமுக்கால்.
தளத்தில் நான்கு பேர்,
அவ்வளவுதான் தெரிகிறது.
அவர் அதில் ஒருவரா?
6.3 ஆகியிருக்கலாம். இறங்கியிருக்கலாம்.
மகள் புதுப் போன் வாங்கித் தந்திருக்கலாம்.
எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் இருந்தது;
நான்தான் செங்கல் வைத்தேன்.

நான்கு, மூன்றானது.
பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தால்
ஐந்து.