முப்பத்திரண்டு கம்பி

எடை எவ்வளவு என்றாள் வேர்லா,
ரோன்சே சந்தைக்குப் பின்தெருவில் சக்கரம் கட்டுகிறவள்.
தொண்ணூற்றெட்டு என்றேன்.
போன வருடக் கணக்கு. இல்லை, அதற்கும் முந்தையது.

அவள் மேசையில் என் பழைய பின்சக்கரம்.
இருபது கம்பி. செயின் பக்கம் மூன்று அறுந்திருந்தன.
அறுந்த நுனியை விரலால் தடவி
என்னைப் பார்க்காமலே
ம் என்றாள்.

சுவரில் கார்பன் சக்கரங்கள்,
கடன் வாங்கச் சொல்லும் கறுப்பு.
ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அப்பளம்.
"அது காற்றோடு போகிறவர்களுக்கு.
நீ போவது கல் பாவிய மேடு."

ஷெல்ட நதியில் மதகு திறக்கிறவன் நான்.
நாளெல்லாம் உட்கார்ந்தபடியே
படகுகளை ஏற்றுகிறேன், இறக்குகிறேன்.
தண்ணீர் யாரிடமும் எடை கேட்டதில்லை.

அலுமினிய ரிம்.
முன்னே இருபத்தெட்டு, பின்னே முப்பத்திரண்டு.
பித்தளைத் திருகு. அகல டயர்;
அதில் காற்றைக் கல்லாக அடித்துவிடாதே.
பிறகு பேச்சில்லை. கம்பிகளைச் சுண்டிச் சுண்டிக் கேட்டாள்,
வலப்பக்கம் முழுக்க ஒரே சுரம் வரும்வரை
கால் சுற்று, அரைக்கால் சுற்று.

நவம்பர். மழை. மேட்டின் பாதி.
என் மூச்சைத் தவிர வேறெதுவும் முனகவில்லை.
இளைஞர்கள் எப்போதும்போல் கடந்து போனார்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே பஞ்சர்.
ட்யூபை உருவி, ரிம் நாடா விலகியிருக்கிறதா என்று
நகத்தால் நெம்பிப் பார்த்தேன்.
அடியில் பென்சில் எழுத்து:
நூற்றுப் பத்தொன்பது.

காலையில்தான் தராசில் ஏறியிருந்தேன். நூற்றுப் பதினேழு.
மீதி இரண்டு
மழையில் நனைந்த கோட்டுக்காக இருக்கலாம்.