பதினெட்டும் இருபத்தாறும்

முஹர்ரக்கில் பழைய சாமான் விற்கும் தாத் கரீம்
இரண்டையும் ஒரே மேசையில் வைத்தான்.
ஒன்று வால்வு ஆம்ப்ளிஃபயர். நூற்றறுபது தினார்.
திறந்த தலையில் ஆறு கண்ணாடிக் குடுவைகள்.
மற்றது டிரான்சிஸ்டர். தொண்ணூறு.
கறுப்புப் பெட்டி, ஒரு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான்.

"ரெண்டுலயும் ஓடுறது ஒரே கரண்டுதான்" என்றார் தங்கப்பழம்,
என் கணவர். அலுமினிய உருக்காலையில் இரவு ஷிஃப்ட்.
தொள்ளாயிரத்தறுபது டிகிரியில் வரிசையாகத் தொட்டிகள்;
அவற்றின் காந்தத்தில் நின்றுபோகுமென்று
கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டவர்.
வீட்டுக்குள் நுழைந்ததும் ஏ.சி.யைப் பதினெட்டில் வைப்பார்,
பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

நான் எக்ஸ்ரே அறையில்.
இயந்திரம் சுகமாக இருக்க வேண்டுமென்று
எங்களைக் குளிரில் போட்டிருக்கிறார்கள்.
ஆகஸ்ட் மாதத்தில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு
ஐந்து மொழிகளில் மூச்சைப் பிடிக்கச் சொல்கிறவள்.
வீட்டில் எனக்கு இருபத்தாறு.

ஏழு வருடச் சண்டைகளை
அந்த ரிமோட்டிடம் கேட்டால் சொல்லும்,
எந்தப் பொத்தானில் எழுத்து அழிந்திருக்கிறதென்று பார்த்தால் போதும்.

என் போனிலிருந்து கம்பி இழுத்தான் தாத் கரீம்.
நாகஸ்வரம். முதலில் டிரான்சிஸ்டரில்.
சீவாளியின் ஈரம்வரை கேட்டது.
தவில்காரரின் விரல்கூடு ஒன்று தளர்ந்திருந்தது, அதுகூட.
மூன்று நொடியில் திரையில் வந்து நிற்கும்
மணிக்கட்டு எலும்பு மாதிரி,
ஒளிந்துகொள்ள இடமில்லாத ஒலி.

பிறகு வால்வு.
காத்திருக்க வைத்தது. ஒரு நிமிடம், அதற்கு மேலும்.
குடுவைக்குள் இழை சிவந்தது.
எனக்கு அந்த இழையைத் தெரியும்.
என் இயந்திரத்தின் தலைக்குள்ளும்
ஈயத்துக்குப் பின்னால், வெற்றிடத்தில் அதுதான் எரிகிறது.
பன்னிரண்டு வருடம் கூட வேலை செய்தும்
முகம் பார்த்ததில்லை.
இவ்வளவு சின்னதா நீ.

நாகஸ்வரம் வந்தது, கொஞ்சம் பருத்து,
வெயிலில் வைத்த வெல்லம்போல ஓரம் இளகி.

"அது பொய்யி" என்றார் அவர்.
"இல்லாத இனிப்பச் சேக்குது. அளந்து பாத்தா தெரியும்லா."
"டீக்கு மூணு கரண்டி சர்க்கரை போடுறவங்க
அளவப் பத்திப் பேசக்கூடாது."
தாத் கரீமுக்குத் தமிழ் தெரியாது. சிரித்தான்.

அவர் டிரான்சிஸ்டரைத் திருப்பி
முதுகில் வரிவரியாக நின்ற தகடுகளைத் தடவினார்.
"அலுமினியம்" என்றார்,
தெருவில் சொந்தக்காரரைப் பார்த்தவர் மாதிரி.
அப்புறம் வாட் கணக்கு, கரண்ட் பில் கணக்கு.
அந்தச் சூட்டை வெளியே இழுக்க ஏ.சி. படும் பாடு.
எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மெதுவாக:
"ராத்திரி பூரா அங்க நிக்கேன்.
வீட்லயும் ஒரு அடுப்பா?"

அவர் இடது மணிக்கட்டில், கடிகாரம் இருந்திருக்க வேண்டிய இடத்தில்,
துவரம்பருப்பு அளவு ஒரு தழும்பு.
தொண்ணூறு தினாரை எண்ணிக் கொடுத்தது நான்தான்.

குறை சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் பாடுகிறது.
பொத்தானை அழுத்தியதும் பேசுகிறது,
அவர் வருவதற்கும் நான் கிளம்புவதற்கும் நடுவே
எங்களுக்கிருக்கும் நாற்பது நிமிடத்தில்
ஒன்றைக்கூடத் தின்பதில்லை.

ஆனால் லீவு கிடைக்கிற செவ்வாய்க்கிழமைகளில்
அவர் தூங்கும்போது முஹர்ரக் பஸ் ஏறுகிறேன்.
தாத் கரீம் எதுவும் கேட்பதில்லை, பிளக்கைச் சொருகுவான்.
பாட்டு வேண்டாமென்று இரண்டாவது தடவையே சொல்லிவிட்டேன்.
குடுவைகளுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில்
இரண்டு கைகளையும் விரித்து நிற்பேன்.
கடைக்கு வருகிறவர்கள்
ஏதோ வேண்டுதல் என்று நினைத்து விலகிப் போகிறார்கள்.

போன வாரம் திரும்பியபோது அவர் விழித்திருந்தார்.
நாற்காலியில் கிடந்த என் துப்பட்டாவை மடிக்க எடுத்தவர்
பாதியில் நிறுத்தி முகர்ந்தார்.
சுட்ட தூசியின் மணம்.
எந்தச் சூடு எதிலிருந்து வருகிறதென்று
மூக்கால் சொல்லிவிடுகிற மனிதர்.

"வித்துட்டானா?"
"இன்னும் இல்ல."

துப்பட்டாவை மடித்து வைத்தார். ரிமோட்டைத் தேடி எடுத்தார்.
பதினெட்டை இருபதாக்கினார்.
அதற்கு மேல் போகவில்லை.