ஒரு லிட்டர் தண்ணீர்

லீ பஜாருக்குப் போய்
துவரம் பருப்பு வாங்கிவருகிறேன் என்று
வீட்டில் சொல்லியிருந்தேன்.
அந்தப் பக்கமே திரும்பாமல்
நாலு ரோட்டில் இறங்கிக்கொண்டேன்.

மாடியில் ஸ்கேன் சென்டர்.
ஒரு லிட்டர் தண்ணி குடிங்க,
முட்டிக்கிட்டு வர்ற வரைக்கும் அடக்குங்க,
அப்புறம் கூப்பிடுறோம் என்றது அந்தப் பெண்.
என் மகள் வயசு.
என்ன தொந்தரவு என்று எழுதக் கேட்டது.
ஆட்கள் இருந்தார்கள்.
சும்மாதான் என்றேன்.

ஒன்றரை வருஷமாய்
ராத்திரிக்கு ஐந்து தடவை எழுகிறேன்.
இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று
சொட்டுகளை எண்ணிவிட்டு வந்து படுக்கிறேன்.
சர்க்கரையாக இருக்குமென்று
காப்பியில் சர்க்கரையை விட்டேன்.
குளிர்ச்சி என்று மோரை விட்டேன்.
டாக்டரை மட்டும் தொடவே இல்லை.

பன்னிரண்டு தறி ஓடும் இரைச்சலில்
ஊடை அறுந்து ஒன்று நின்றால்
தூக்கத்திலும் எனக்குக் கேட்கும்.

மூலை நாற்காலியில்
நேற்றைய பேப்பரை
முகத்துக்கு நேரே பிடித்திருந்தவனின்
செருப்பு எனக்குத் தெரிந்த செருப்பு.
கஞ்சமலை.
இருபது வருஷமாய் அடுத்த பட்டறை.

ஈரோட்டுக்கு நூலெடுக்கப் போறேன்னியே?
நீ எதுக்கு வந்தே?
பருப்பு வாங்க.

இருவர் மடியிலும் ஒரே அளவு பாட்டில்.
சிரிக்கவும் பயம்,
சிரித்தால் சிந்திவிடும்.

சீரங்கன் பெயரை இருவருமே எடுக்கவில்லை.
போன ஆடியில்
கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய மறுநாள்
நெஞ்சைத் தடவிக்கொண்டு வாயு என்றான்.
கஞ்சமலைதான் சோடா வாங்க ஓடினான்.
உடைத்துக் கொடுத்தவன் நான்.
ஏப்பம் வந்ததும்
சரியாப் போச்சு என்று எங்களுக்குச் சமாதானம் சொன்னான்.
பெரிய ஆஸ்பத்திரி
ஆட்டோவில் பத்து நிமிஷம்.

எத்தனை தடவை எழுந்திரிக்கிறே?
அஞ்சு.
எனக்கு நாலுதான் என்றான்,
சீட்டாட்டத்தில் ஜெயித்தவன் மாதிரி.
அப்புறம் பேப்பரை நான்காக மடித்தான்.
எட்டாக மடித்தான்.
ஒரு தடவை ரத்தம் வந்துச்சு,
தீபாவளிக்கு முன்னாடி.
இப்போது மாசி.

அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.
பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு
இடுப்பு வேட்டியை இறுக்கிக்கொண்டு போனான்.
மூடிய கதவைப் பார்த்தபடி
என்னுடையதையும் அவனுடையதையும் சேர்த்து
அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வீக்கம்தானாம்,
ரத்தமும் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார்கள்.
அவனுக்கு நாளைக்கே வரவேண்டுமாம்.
நானும் வர்றேன் என்றேன்.
வீட்டுல என்ன சொல்லுவே என்று கேட்டான்.
இரண்டு தட்டுவடை செட் முடியும்வரை
அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பருப்பு எங்கே என்றாள் சாந்தாமணி.
கவரை நீட்டினேன்.
படத்தை உருவி
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்,
மகளைச் சுமந்தபோது
இப்படித்தான் தூக்கிப் பார்த்தாள்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு கேட்டாள்,
இதுல எது நீங்க?