கொள்ளளவு: ஒன்று

எஞ்சினைக் கழற்றிய அன்று
சட்டகத்தின் நடுவில்
ஓர் ஆட்டுக்குட்டி நுழையும் அளவுக்கு வெற்றிடம்.
அதன் வழியே கராஜின் பின்சுவரும்
முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாயும் தெரிந்தன.

இஷ் பிளானெட்டா. எழுபத்தெட்டாம் வருடத்து வண்டி.
பீட்ரூட் விவசாயி ஒருவரிடம் அறுபது யூரோவுக்கு வாங்கியது,
இருக்கைக்கடியில் எலிக்கூடு இலவசம்.
பிளானெட்டா என்றால் கோள்.
பதினோரு வருடம் ஷௌலேய் நகரமெங்கும்
நீலப் புகை கக்கிக்கொண்டு சுற்றியது,
அதன் ஒரே குடிமகள் நான்.

பகலில் சைக்கிள் தொழிற்சாலையில் பிரேக் கம்பி கோக்கிறேன்.
மாலையில் இந்த இரும்புக் கொட்டகையில்
மோதி நசுங்கிய நிசான் காரிலிருந்து எடுத்த
பத்து மாட்யூல்களுக்கும்
மீட்டர் வைத்து நாடி பார்த்தேன்.
மூன்றாவது மட்டும் கொஞ்சம் தாழ்வு.
எந்த வகுப்பிலும் அப்படி ஒன்று உட்கார்ந்திருக்கும்.
மற்ற ஒன்பதும் இனி அதன் வேகத்துக்குத்தான் ஓட வேண்டும்.

அலுமினியத் தகட்டில் நான்கு மில்லிமீட்டர் பிசகு.
செயின் அலறியது.
அறுத்தேன், துளையிட்டேன்,
மறுபடி அறுத்தேன்.
மார்ச் மாதம் இரும்புத்தூளாய்ப் போயிற்று.

முதன்முதலாகக் கைப்பிடியைத் திருகியபோது
வண்டி பின்னால் பாய்ந்தது.
மூன்று தடித்த கம்பிகளில் இரண்டை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.
பீப்பாய் கவிழ்ந்தது.
கணுக்கால் வரை புளித்த முட்டைக்கோஸில் நின்றபடி
ஸ்கைஸ்தேவுக்குப் போன் செய்தேன்:
ஓடுகிறது!
எந்தப் பக்கம், என்று கேட்டாள்.

இப்போது முன்னால்தான் ஓடுகிறது.
ஆனாலும் சிவப்பு விளக்கில் நிற்கும்போது
இடக்கை தானாக மூடித் திறக்கிறது,
கனவில் பால் குடிக்கும் பிள்ளையின் வாய் மாதிரி.
அங்கே கிளட்ச் இல்லை என்று
எத்தனை முறை சொல்வது.

பதிவு அலுவலகத்தில் ரிம்காயிலே அம்மையார்
படிவத்தைத் தட்டெழுதினார்.
எஞ்சின் எண்?
அது வீட்டில் இருக்கிறது, சமையலறை மேசைக்கடியில்.
நிமிர்ந்து பார்த்தார்.
கொள்ளளவு, கன சென்டிமீட்டரில்?
பூஜ்யம்.
கணினி பூஜ்யத்தை ஏற்கவில்லை.
காலியாக விட்டாலும் ஏற்கவில்லை.
திரையைப் பார்த்தார். ஜன்னல் வழியே
வண்டியைப் பார்த்தார். எனக்குப் பின்னால்
ஏழு பேர் நிற்பதைப் பார்த்தார்.
பிறகு, அடுத்தவர் குழம்பில் யாருக்கும் தெரியாமல்
உப்புப் போடுகிறவர் போல
ஒரே விரலால் அழுத்தினார்:
1.

ஆகவே அரசாங்கத்தின் கண்ணில்
என் வண்டிக்குள் ஒரு சி.சி. இருக்கிறது.
எங்கே என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் மாடி ஸ்டெபோனியா
சத்தத்துக்காக இரண்டு முறை போலீஸுக்கு எழுதியவள்.
ஜூனில் படிக்கட்டில் மறித்தாள்.
திருடி மாதிரி சொல்லாமல் வந்து நிற்கிறாய்.
உன் சனியன் பிடித்த வண்டி கத்தினால்
மணி ஆறு என்று தெரியும்,
பிரஷர் மாத்திரையைப் போடுவேன்.
இந்த வாரம் மூன்று நாள் விட்டுப்போயிற்று.
மன்னிப்புக் கேட்பதா என்று எனக்கு விளங்கவில்லை.
கேட்டேன்.

டிசம்பர் வந்தது.
எழுபது கிலோமீட்டர் முப்பத்தெட்டாய்ச் சுருங்கியது.
குளிருக்கு எல்லோரும் சுருங்குகிறோம்,
பேட்டரிக்கு மட்டும் கம்பளி போதாது.
தினமும் முற்றத்தில் கழற்றி
பெட்டிக்குப் பத்தொன்பது கிலோவாக
ஐந்து மாடி தூக்குகிறேன்.
லிஃப்ட் கிடையாது.
கட்டில் ஓரமாய் இரவெல்லாம் அவை சூடேறுகின்றன,
பூனை என்னை விட்டு அவற்றின் மேல் படுக்கிறது.

முதல் பெட்டியோடு ஏறும்போது
மூன்றாம் மாடியில்
புஸ், புஸ் என்று இரைக்கிறேன்,
நடுவில் ஓர் இருமல்.
கதவு திறக்கிறது.
ஸ்டெபோனியா.
ஒரு கையில் தண்ணீர், மறு கையில் மாத்திரை.
ஆறு மணி, என்று தனக்கே சொல்லிக்கொண்டு
விழுங்குகிறாள்.
நான் இரண்டாவது பெட்டிக்குக் கீழே இறங்குகிறேன்.