செயப்பாட்டு வினை

தொண்ணூற்றேழில் முதல் அறிக்கையை மொழிபெயர்த்தபோது
சன்னலுக்கு வெளியே எதிர் புளோக்கைக் காணோம்.
புகைமூட்டம் என்ற சொல்லை
அந்த வாரம்தான் எல்லாரும் பழகிக்கொண்டிருந்தோம்.
ஆங்கிலத்தில் அவர்கள் ஒரு பக்கம் எழுதியிருந்ததைச்
சுருக்கிச் சுருக்கி
ஒரே வாக்கியமாகத் தந்தேன்:
இவ்விவகாரம் உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்.

மேலதிகாரி பெக் லியாங்குக்குத் தமிழ் தெரியாது.
கடைசிச் சொல்லைப் பென்சிலால் அளந்து பார்த்து
"ரொம்ப நீளம்" என்றார்.

அதன்பின் எத்தனை குழு, எத்தனை கோப்பு.
ஆராயப்படும். கருத்தில் கொள்ளப்படும்.
சாத்தியமான இடங்களில் படிப்படியாகக் குறைக்கப்படும்.
இப்போதெல்லாம் 'பரி' என்று தட்டினால் போதும்,
மீதியைக் கணினியே எழுதிவிடுகிறது.

கூட்ட அறை எப்போதும் பதினெட்டு டிகிரி.
வெப்பம் பற்றிப் பேசும் நாளிலும்
என் நாற்காலி முதுகில் ஒரு கம்பளிச் சால்வை.

உரிய காலம் எது என்று யாரும் கேட்டதில்லை.
கார், கூதிர், முன்பனி, பின்பனி,
இளவேனில், முதுவேனில்.
பள்ளியில் ஒப்பித்த ஆறிலும் அது இல்லை.
இந்தத் தீவில் அந்த ஆறுமே இல்லை.
மழை உண்டு. மழை வராத புழுக்கம் உண்டு.
நடுவில் தேர்தல் உண்டு.

குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.
என் வீட்டுக்காரர் குணாளன்
ஜூரோங் தீவில் இருபத்தாறு வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர்.
எத்தனை துவைத்தும்
சட்டையில் எண்ணெய் வாடை போனதில்லை.
அந்த வாடையில்தான் வந்தது
பிடோக்கில் நாலறை வீடு,
மகனின் பல்லுக்குக் கம்பி,
அத்தையின் டயாலிசிஸ், வாரம் மூன்று முறை.
"எல்லாத்தையும் மூடச் சொல்றியா?"
ஒரு ராத்திரி கேட்டார்.
சண்டைக்காக இல்லை, நிஜமாகவே கேட்டார்.
பதில் ஒத்திவைக்கப்பட்டது.
அவர் தூங்கியதும்
ஏர்கானை இரண்டு டிகிரி ஏற்றி வைத்தேன்.
விடியுமுன் வியர்த்து விழித்து
நானே இறக்கினேன்.

போன மாதம் கிழக்குக் கடற்கரையில் ஓதம் ஏறி
யாரோ மூட்டியிருந்த கரி அடுப்புவரை வந்தது.
சாத்தே குச்சிகள் நடைபாதையில் மிதந்தன.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்
பேராவூரணிப் பக்கம், பெயர் செல்வவிநாயகம்.
கழுத்துத் துண்டை விலக்கிக் காட்டினார்.
"வெயில் பட்டுப் பட்டு வெந்துபோச்சுக்கா.
இப்ப உப்புத் தண்ணி பட்டா எரியுது."

பட்டு. பட்டா.
இருபத்தெட்டு வருஷமாக
வேறொரு வினையின் முதுகுக்குப் பின்னால்
நான் நிறுத்திவைத்த சொல்
துணையில்லாமல் தன் காலில் நின்று
என்னைப் பார்த்தது.
யாரால் என்பதை விட்டுவிடலாம்,
இலக்கணம் இடங்கொடுக்கிறது.
யார் படுவது என்பதையும்
நான் விட்டிருந்தேன்.

இந்த வாரம் புதிய வரைவு.
அதே வாக்கியம், ஆண்டு மட்டும் தள்ளிப் போயிருந்தது.
செய்வினையாக மாற்றலாம் என்று உட்கார்ந்தேன்.
அப்போது வந்தது தகராறு:
ஆங்கிலத்தில் ஒரே சொல்,
தமிழில் இரண்டு.
நாங்கள் குறைப்போம் என்றால்
படிக்கிறவர் வெளியே நிற்கிறார்.
நாம் என்றால்
குணாளன், நான், பெக் லியாங், கைதட்டிய பிள்ளைகள்,
மூட்டை அடுக்கியவரும்கூட
ஒரே வரிசையில்,
ஒரே அளவு கடனோடு.
அதுவும் பொய்தான்.

மதியம் முழுக்கத் தேநீர் ஆறிக் கிடந்தது.
கடைசியில் 'நாம் குறைப்போம்' என்று எழுதி அனுப்பினேன்.
ஐந்து மணிக்குத் திரும்பி வந்தது,
சிவப்பில்: குறைக்கப்படும்.
திருத்தியவர் பெயர் இல்லை.
ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும்: திருத்தப்பட்டது.

ஏற்கிறேன் என்ற பொத்தானை
என் விரல்தான் அழுத்தியது.